புல் மருந்து (களைக்கொல்லி) அடிக்க நீளக் கையுறை
மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் இரும்புக்கடையில் 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பச்சை நைட்ரைல் கையுறை. முழங்கை வரை வரும். செம்பனைக்கு மருந்து கலக்கும்போது தோம்பு மூடியிலிருந்து விரலில் வழியுமே, அது உள்ளே இறங்கவில்லை. விளிம்பை மடித்துவிட்டால், கையைத் தூக்கினாலும் சட்டைக்குள் ஓடாது.

வியர்வை தொல்லைதான். அளவும் பெரிது, பம்பு விசையில் விரல் வழுக்குகிறது. எங்கள் குழுவில் அடிப்பதெல்லாம் பெண்கள்; கடையிலோ ஆண்கள் அளவு மட்டும்!

அம்மா காலத்தில் பாராகுவாட் என்ற புல் மருந்தை வெறுங்கையால் கலக்கினார்கள். தோல் வழியாகவும் ஏறும் அந்த மருந்தைப் பார்க்கின்சன் நோயோடு பல ஆய்வுகள் தொடர்புபடுத்துகின்றன. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. சரி, மற்றதெல்லாம் பன்னீரா என்ன? துணிக் கையுறை மட்டும் வேண்டாம், நனைந்தால் மருந்தைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும்.