ரெண்டு ஸ்டேஜ் தண்ணி ராக்கெட் கிட்: லாஞ்சருக்கு நாலு ஸ்டார், வால்வுக்கு ஒண்ணு கூட கிடையாது

வாங்கி மூணு மாசம் ஆச்சு, இப்பதான் எழுதறேன். ஏன்னா பொட்டியில வந்த மாதிரியே இது பறக்கல, பாதிய பிரிச்சு மாத்தின பிறகுதான் பறந்துச்சு. ஆன்லைன்ல 1,850 ரூபா. கடை பேரு சொல்லப்போறதில்ல, சண்டை போட எனக்கு தெம்பு இல்ல, ஆனா இதே டிசைன் வேற வேற பேர்ல சுத்துது போல, படத்த பாத்தாலே உங்களுக்கு தெரிஞ்சுடும்.

ஆந்திர எல்லைய ஒட்டி இருக்கற எங்க ஆரம்பாக்கத்துக்காரங்களுக்கு ராக்கெட்டு ஒண்ணும் புதுசு இல்ல. ஸ்ரீஹரிகோட்டா இங்கருந்து நேரா அளந்தா முப்பது கிலோமீட்டர் கூட வராது. மொட்டமாடில நின்னா நெருப்பு உடனே தெரியும், சத்தம் மட்டும் ஒண்ணே கால் நிமிஷத்துக்கு மேல கழிச்சு வந்து ஜன்னல் கம்பிய ஆட்டும், பி.எஸ்.எல்.வி.யோட முதல் ஸ்டேஜே (அடியில முதல்ல எரிஞ்சு, முடிஞ்சதும் கழண்டு விழற பாகம்) 110 செகண்டு போலதான் எரியும், அதாவது நமக்கு சத்தம் கேக்க ஆரம்பிக்கறப்ப அங்க முதல் ஸ்டேஜ் முடியப்போற நேரம். இத பாத்தே வளந்த எங்க அக்கா பொண்ணு, எட்டாவது படிக்கறா, "மாமா எனக்கு நாலு ஸ்டேஜ் வேணும்"னு நின்னுட்டா. ரெண்டுக்கு பேசி முடிச்சேன்.

ஏன் தண்ணின்னு கேப்பீங்க. வெளிநாட்டுல வெடிமருந்து அடைச்ச குட்டி மோட்டார் கடையிலயே கிடைக்கும், சி6-0, சி6-7 மாதிரி நம்பர் போட்டிருக்கும், கடைசி நம்பர்தான் எரிஞ்சு முடிஞ்ச பிறகு எத்தன செகண்டு காத்திருந்து பாராசூட்ட தள்ளும்ங்கறது. சைபர்னா காத்திருக்காது, எரிஞ்சு முடியற நொடியில முன்பக்கமா நெருப்பு பிச்சுக்கிட்டு போய் மேல இருக்கற மோட்டார பத்த வெச்சிடும், அவங்க ஸ்டேஜிங்கே அவ்ளோதான். நம்ம ஊர்ல அத வரவழைக்கறதும் கஷ்டம், வீட்ல மருந்து இடிக்கறதுன்னா 1884 வருஷத்து வெடிபொருள் சட்டம் இருக்கு, அதுக்கும் முன்னாடி எங்க அக்கா இருக்கு. அதனால கூல்டிரிங்ஸ் பாட்டில், தண்ணி, சைக்கிள் பம்பு. பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி காத்த அடைச்சு விட்டா, தண்ணி கீழ பீச்சும், பாட்டில் மேல போகும்.

கிட்ல நல்லா இருந்தத முதல்ல சொல்லிடறேன். லாஞ்சர் அருமை. மூணு கால், அடியில நல்ல கனம், கயிற இழுத்தா பாட்டில் கழுத்த விடற பிடி ஒரு தடவ கூட சிக்கல, காத்தழுத்தம் 60 பி.எஸ்.ஐ. (டயர்ல காத்து அடிக்கறப்ப சொல்ற அதே அளவு) தாண்டினா தானா காத்த விடற வால்வு ஒண்ணு இருக்கு, அதுக்காகவே காசு குடுக்கலாம். கயிறு மட்டும் மூணு மீட்டர்தான் குடுத்திருந்தான், நாங்க பத்து மீட்டருக்கு மாத்திட்டோம். பாட்டில் நாமளே போட்டுக்கணும், ரெண்டு லிட்டர் சோடா வகை பாட்டில்தான், மினரல் வாட்டர் பாட்டில் மெல்லிசு, அத தொடாதீங்க. மடிஞ்சு வெள்ளையா கோடு விழுந்த பாட்டிலும் வேணாம்.

பிரச்சன எல்லாம் நடுவுல. ரெண்டு பாட்டிலையும் சேக்கற கப்ளர் இருக்கே, அதுக்குள்ள ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கீழ பம்பு அடிச்சா காத்து அது வழியா மேல் பாட்டிலுக்கு ஏறணும், மேல இருக்கற தண்ணி கீழ இறங்கக்கூடாது. கயிற இழுத்ததும் கீழ் பாட்டில் தண்ணிய கக்கும், அங்க அழுத்தம் இறங்கும், பிடிச்சிட்டிருக்கற பிஸ்டன் தளரும், மேல் பாட்டில் தன்னோட அழுத்தத்துல உதைச்சுக்கிட்டு தனியா போகும். கேக்க எவ்ளோ அழகா இருக்கு. முதல் நாள் என்னாச்சுன்னா ரெண்டும் ஒண்ணா தென்னமர உசரத்துக்கு போச்சு, ரெண்டும் ஒண்ணாவே தலகுப்புற வந்துச்சு. ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவதுக்கு அக்கா பொண்ணுதான் மார்க்கர எடுத்து கீழ் பாட்டில் தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டா, பம்ப கூட தொடல, சும்மா அஞ்சு நிமிஷம் பாத்துட்டே இருந்தோம், தண்ணி கோட்டுக்கு மேல நாலு விரக்கட ஏறிடுச்சு. மேல் தண்ணி ஒழுகி கீழ வந்துட்டிருக்கு. கீழ மூணுல ஒரு பங்கு இருக்கவேண்டிய தண்ணி பாதி ஆயிடுச்சு, அப்பறம் எங்க காத்துக்கு இடம், மேல் ஸ்டேஜ்ல உதைக்கறதுக்கு தண்ணியே இல்ல.

கஸ்டமர் கேர்ல போட்டா "சார் வாஷர் டைட் பண்ணி பாருங்க"ன்னு அதே பதில் மூணு தடவ.

இப்ப நிஜமாவே அஞ்சு ஸ்டார் வாங்கவேண்டிய ஆளுக்கு வரேன். எல்லைக்கு அந்தப்பக்கம் ஆந்திராவுல இருக்கற தடான்னா எல்லாருக்கும் அருவிதான் ஞாபகம் வரும், எனக்கு இனிமே அங்க மெயின் ரோட்டு பக்கம் இருக்கற ஒரு பிளம்பிங் கடைதான். போர்டு முழுக்க தெலுங்கு, உள்ள பாதி பேச்சு தமிழ். கப்ளர கையில குடுத்ததும் "இதி ஏமி, போர் மோட்டாருக்கா?"ன்னாரு. ராக்கெட்டுன்னு சொன்னேன். சிரிக்கவே இல்ல, வால்வ கழட்டி வெளிச்சத்துல பாத்துட்டு, "ரப்பர் கட்டியா இருக்கு தம்பி, ஸ்ப்ரிங்கு கோணலா உக்காருது, ஒரு ஓரமா இடைவெளி இருக்கு பாரு"ன்னாரு. பழைய சைக்கிள் ட்யூப வட்டமா வெட்டி போட்டு, ஸ்ப்ரிங்க ரெண்டு சுத்து நறுக்கி நேராக்கி, மரையில த்ரெட் டேப் சுத்தி, வாய்ல வெச்சு ஊதி காட்டினாரு, ஒரு பக்கம் போச்சு, இன்னொரு பக்கம் போகல. நாப்பது ரூபா. வாசல்ல பைக்க மட்டும் குறுக்க நிறுத்தாதீங்க, அதுக்கு திட்டுவாரு.

ஃபின், அதான் நேரா போறதுக்கு பின்பக்கம் ஒட்டற றெக்க, அது பத்தியும் சொல்லணும். கிட்ல ரெண்டு ஸ்டேஜுக்கும் ஒரே அளவு ஃபோம் ஃபின், டபுள் டேப்ல ஒட்டறது, முதல் ஈரத்துலயே உரிஞ்சிடுச்சு. அதவிட தப்பு அந்த அளவு. ரெண்டையும் அடுக்கினா கீழ் பாட்டில் கனத்துக்கு மொத்த எடையோட நடுப்புள்ளி கீழ இறங்கிடும், காத்து தள்ளற புள்ளி அதுக்கும் கீழ, குறைஞ்சது ஒரு பாட்டில் அகலத்துக்கு தள்ளி இருந்தாதான் நேரா போகும், அதனால கீழ் ஃபின் பெருசா இருக்கணும். மேல் ஸ்டேஜ் பிரிஞ்ச பிறகு தனியாவும் நேரா போகணும், அதுக்கு வேற கணக்கு. ஓப்பன்ராக்கெட்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பின்லாந்துல ஒரு மாணவரோட ஆய்வா ஆரம்பிச்சது, தண்ணி இஞ்சின்லாம் அதுல கிடையாது, ஆனா உருவத்த வரைஞ்சா அந்த காத்து புள்ளி எங்க வரும்னு காட்டிடும். அவளே உக்காந்து போட்டா. பழைய சன்பேக் பிளாஸ்டிக் போர்டுல கீழ்ஃபின்ன கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா வெட்டினோம், மூக்குல நூறு கிராம் களிமண்ணு, அப்பறம் கயிறு கட்டி தல மேல சுத்தி பாத்தோம், மூக்கு முன்னாடி போற மாதிரியே சுத்துச்சு.

பழவேற்காடு ஏரி வத்தி வெடிச்சு கிடக்கற பக்கமா விடியக்காலம் ஆறரைக்கு போனோம், வெயில் ஏறினா கடக்காத்து ஆரம்பிச்சிடும். பூநாரை வர்ற மாசத்துல அந்த பக்கம் போகாதீங்க, பாவம். சைக்கிள்ல போன ஒருத்தர் இறங்கி நின்னு "இஸ்ரோல சொல்லிட்டீங்களா"ன்னு சீரியஸா கேட்டாரு. எவ்ளோ உசரம் போகுதுன்னு கோணத்த வெச்சு கணக்கு போட, நாப்பது மீட்டர் தள்ளி ப்ரொட்ராக்டர்ல நூல் கட்டி அவ நின்னா. ஒரு பாட்டில் மட்டும் விட்டப்ப 40 டிகிரி, அதாவது சுமாரா 34 மீட்டர். ரெண்டு ஸ்டேஜ்ல 57 டிகிரி, 60 மீட்டர ஒட்டி. கீழ்ப்பாட்டில் ஒரு செகண்டு கூட தாங்காது, டப்புனு ஒரு சத்தம், வெள்ளையா ஒரு புகை மாதிரி, அதுக்குள்ளருந்து குட்டிப்பாட்டில் ஒண்ணு மட்டும் ஏறிட்டே போச்சு. அவ டிகிரி பாக்கறத விட்டுட்டு கத்தினதால முதல் தடவ கணக்கே இல்ல, மேல சொன்னது அடுத்ததுல எடுத்தது. பாராசூட்டு அன்னிக்கு விரியல, அது எங்க தப்பு, ரப்பர் பேண்ட இறுக்கி கட்டிட்டோம்.

வாங்கலாமான்னா லாஞ்சர மட்டும் தனியா விக்கறான்னா கண்ண மூடிட்டு வாங்குங்க. முழு கிட்டுன்னா பக்கத்துல ஒரு நல்ல பிளம்பிங் கடை இருந்தா மட்டும். போன வாரம் கடைசியா மனசு எறங்கி கம்பெனிக்காரன் புது வால்வு ஒண்ணு அனுப்பினான், பிரிச்சு பாத்தா அதே கட்டி ரப்பர், அதே கோண ஸ்ப்ரிங். டப்பாவுலயே கிடக்கு, யாருக்காவது வேணும்னா குரியர் காசு மட்டும் குடுத்து எடுத்துக்குங்க.