பேண்டில் சேரும் பிள்ளைக்கு எந்த வாத்தியம்?

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் என் மகள் ஒரு தாளோடு வந்தாள். பேண்டில் சேர விருப்பமா, சேர்ந்தால் எந்த வாத்தியம் என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். சைடு டிரம், பியூகிள், டிரம்பெட், கிளாரினெட் என்று நான்கு கட்டம். "டிரம்முப்பா" என்றாள், யோசிக்கவே இல்லை. பாளையங்கோட்டையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொன்னேன்.

மகள் கொண்டுவந்த தாளில் அன்றைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. நாலு வருடம் சைடு டிரம் அடித்தவன் நான். அதில் இன்றைக்கு மிச்சம், சோறு வரும்வரை மேசையில் விரலால் தட்டும் பழக்கம் மட்டும்தான். என்னோடு கிளாரினெட் ஊதியவன் இப்போது அரசு வேலையில் இருக்கிறான். ஆவணியிலும் தையிலும் அவனைக் கல்யாண பேண்டு செட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள். எது சீக்கிரம் வரும் என்று பார்த்தால் ஒரு பதில் வருகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு கையில் என்ன நிற்கும் என்று பார்த்தால் வேறு பதில் வருகிறது.

சீக்கிரம் வருவது டிரம்தான், அதில் சந்தேகமில்லை. முதல் மூன்று மாதம் டிரம்மைத் தொடவே விடமாட்டார்கள். டயர் டியூபை வெட்டிப் பலகையில் ஆணியடித்துக் கொடுப்பார்கள். அதில் வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது என்று அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். இதற்குப் பாராடிடில் என்று பெயர். இப்படியான அடிப்படை அடிகளை அமெரிக்காவில் 1933-இல் 26 என்று வரிசைப்படுத்தினார்கள்; 1984-இல் அது 40 ஆனது. நம் பள்ளி அணிவகுப்புக்கு அதில் ஐந்தாறு வந்தாலே போதும். ஜூனில் சேர்ந்த பிள்ளை ஜனவரி 26-க்கு வரிசையில் நின்றுவிடும். இடது தொடையில் டிரம் இடித்து இடித்து ஒரு கன்றிப்போன தழும்பு விழும், அதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டலாம்.

அப்புறம்? நம் ஊரில் தாளத்துக்குப் பஞ்சம் கிடையாது. அம்மன் கொடைக்கு நையாண்டி மேளம் வருகிறது, அதில் தவிலும் பம்பையும் உறுமியும் இருக்கின்றன. கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று மகுடம் எனும் தோல்வாத்தியம் இரண்டு. தசரா சப்பரத்துக்குச் செண்டையையும் கூட்டி வந்துவிடுகிறார்கள். இதில் எதிலும் சைடு டிரம்மின் கை அப்படியே செல்லாது. தவிலில் வலது கை விரல்களில் கூடு மாட்டி அடிக்கவேண்டும், இடது கையில்தான் கம்பு. டிரம் பழகியவனுக்குத் தாளம் பிடிபட்டிருக்கும், கைதான் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்னொரு வழி, சர்ச்சிலோ மெல்லிசைக் குழுவிலோ டிரம்செட்டுக்குப் போவது. அதற்கு வீட்டில் இடமும் வேண்டும், பொறுமையான பக்கத்து வீடும் வேண்டும்.

பியூகிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வால்வு கிடையாது, துளை கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் கிடைக்கிற ச, க, ப மூன்றையும் வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக ஐந்து சத்தத்தில் காலத்தை ஓட்டவேண்டும். ரி, ம எல்லாம் கனவிலும் வராது. கொடியேற்றத்துக்கு ஊத அது போதும், ஒரு பாட்டு வாசிக்கப் போதாது. டிரம்பெட்டுக்குப் போகிறவர்களுக்கு உதட்டுப் பயிற்சி என்ற அளவில் சரி. அதுவே கடைசி என்றால், சவத்தை விட்டுத் தள்ளுங்கள்.

டிரம்பெட் அதன் படித்த அண்ணன். அதே உதடு, கூடவே மூன்று வால்வு. ஒன்றும் அழுத்தாமல் ச. முதலும் மூன்றாவதும் அழுத்தினால் ரி, முதலும் இரண்டாவதும் க, முதல் மட்டும் ம, எல்லாவற்றையும் விட்டால் ப. முதல் வாரத்திலேயே விரல் இதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ச-வும் ப-வும் ஒரே விரலமைப்பு. எது வரும் என்பது உதட்டின் இஷ்டம். முழுப்பரீட்சைக்கு என்று இரண்டு வாரம் தொடாமல் வைத்தால் உதடு கோபித்துக்கொள்ளும், திரும்பக் கெஞ்ச வேண்டியிருக்கும். பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம், உள்ளுதடு கிழிந்துவிடும். சொந்தமாக வாங்கினால் பெரும்பாலும் மீரட்டில் செய்ததுதான் கிடைக்கும். கடையிலேயே மூன்று வால்வையும் அழுத்தி விட்டுப் பாருங்கள். சட்டென்று மேலே வரவேண்டும். சோம்பல் முறித்துக்கொண்டு வந்தால் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி கிளாரினெட். ஒற்றை நாணல் பட்டையை மவுத்பீஸில் வைத்து இறுக்கி, கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்து ஊதவேண்டும். முதல் மாதம் வருவது இசையல்ல, கதவு கிறீச்சிடும் சத்தம். புல்லாங்குழலில் பலமாக ஊதினால் அதே விரலுக்கு மேல் ஸ்தாயி வந்துவிடும். கிளாரினெட்டில் அப்படி வராது. பின்பக்கக் கட்டைவிரல் சாவியை அழுத்தினால் ஸ்தாயியைத் தாண்டிப் பன்னிரண்டாவது சுரத்துக்குத் தாவிவிடும். ஆகவே கீழே ஒரு விரல் கணக்கு, மேலே ஒரு விரல் கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது: ஏறக்குறைய எல்லா விரலும் திறந்திருக்கும் சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போக எல்லாத் துளையையும் ஒரே நேரத்தில் மூடவேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கீச்! என் வகுப்புக்காரன் அந்த ஒரு இடத்தில் ஒரு காலாண்டு முழுக்கக் கிடந்தான். நாங்கள் டிரம்மைத் தட்டிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தோம்.

அந்தப் பாலத்தைத் தாண்டியவனுக்குப் போக்கிடம் அதிகம். 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனை பேண்டிலிருந்து, இன்று பரதநாட்டியம் என்கிற சதிர்க் கச்சேரிக்கு வந்த வாத்தியம் இது. அங்கிருந்து கோயில், கல்யாணம், கச்சேரி மேடை என்று நம்மவர் வாத்தியமாகவே ஆகிவிட்டது. துளையை விரலால் பாதி மூடி வழுக்கி, சுரத்தை அசைக்கும் கமகம் கொண்டுவரலாம். டிரம்பெட்டில் இது இவ்வளவு லேசில் வராது. சத்தமும் டிரம்பெட்டைவிட அடக்கம், கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் பண்ணலாம். செலவு ரீடில்தான். பட்டை நுனி தெறித்தால் தூக்கிப் போடவேண்டியதுதான்; பட்டையின் விறைப்புக்கு எண் உண்டு, தொடக்கத்தில் இரண்டாம் எண்ணுக்கு மேல் போகாதீர்கள்.

டிரம்பெட், கிளாரினெட் இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. பள்ளி பேண்டில் இருப்பவை பெரும்பாலும் பி ஃபிளாட் வாத்தியங்கள். அதன் 'ஸி', நம் சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை. கீபோர்டின் 'ஸி' ஒரு கட்டை. இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்து வாசித்தால் முழு சுரம் பிசகும். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் கிளாரினெட்காரன் பாடகர் குழுவோடு இப்படி நடு ஆராதனையில் மாட்டினான். கீபோர்டு 'ஸி' என்றால் இவன் 'டி' வாசிக்கவேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேண்டுக்குள்ளேயே எல்லோரும் ஆறரைக் கட்டையில் இருந்ததால் மாஸ்டருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

என்ன பாட்டு பழகுவது என்று கேட்டால் நான் எட்டயபுரத்தைக் காட்டுவேன். 1835-இல் அங்கே காலமான முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டுகாரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு ஏறத்தாழ நாற்பது நோட்டுஸ்வரம் செய்துவைத்தார். எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது. பேண்டிலிருந்து வந்தவை பேண்டுக்கே திரும்பிப் போகட்டுமே. ஏனோ பள்ளிகளில் இதை யாரும் தொடுவதில்லை.

"பேண்டே வேண்டாம், கீபோர்டு கிளாசில் விடுங்க" என்பாள் என் அக்கா. தெருவுக்கு ஒன்று இருக்கிறது, கிரேடு பரீட்சையும் உண்டு. அழுத்தினால் சரியான சுரம் வந்துவிடும், காது சும்மா உட்கார்ந்திருக்கும். நாற்பது பேரோடு சேர்ந்து மூச்சு விட்டு, சேர்ந்து கால் வைக்கும் பழக்கமும் அதில் கிடைக்காது.

நாதஸ்வரம் என்ற ஆசை எனக்கு உள்ளூர உண்டு. 1964-இல் மறைந்த நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம்தானே. நெல்லையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாதஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அது மூன்று வருடப் பகல் படிப்பு, ஆறாம் வகுப்புக்காரிக்கு ஒத்துவராது. தவிர, நாதஸ்வரத்தின் ஊதுபட்டையான சீவாளிக்கு வேண்டிய மூச்சு கிளாரினெட்டைப்போலப் பல மடங்கு. கிளாரினெட்டில் தொடங்கிப் பிறகு அங்கே போகலாம், அதற்கு வழி திறந்தே இருக்கிறது.

ஆகக் கிளாரினெட் என்று முடிவுகட்டி, மகளை பேண்டு அறைக்குக் கூட்டிப்போனேன். மாஸ்டர் வாத்தியத்தை அவள் கையில் கொடுத்தார். "ஏ பிள்ள, அந்தக் கடைசி ஓட்டைய மூடு பாப்போம்." வலது மோதிர விரல் எட்டியது, ஆனால் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு வருசம் போட்டும் சார், வெரலு வளரட்டும்" என்றார்.

டிரம் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மகளுக்குக் குதூகலம். நானும் விட்டபாடில்லை, ஒரு பழைய மவுத்பீஸும் அதோடு மாட்டும் பேரல் துண்டும் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சரியாக ஊதினால் கிட்டத்தட்ட நாலரைக் கட்டையில் ஒரே ஒரு சுரம் வரும், ஆடாமல் நிற்கவேண்டும். தினமும் விளக்கு வைத்தபிறகு பத்து நிமிடம். மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று கேட்டாள்: "ஏய்யா, ஒங்க வீட்ல வாத்தா வளக்கீய?"