இரண்டு துளை, இரண்டு பிளேடு

அப்பத்தா வீட்டு வளவைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் எப்படி நடப்பது என்பது இருபது வருட சிங்கப்பூர் வாசத்தில் மறந்துபோயிருந்தது. விழுந்து எழுந்தால் வலது முட்டி நீள மறுக்கிறது. காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தோம். ஜவ்வு கிழிந்து மூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மறுநாளே மதுரைக்குக் கார்.

மருத்துவர் கெட்டிக்காரர், பொறுமைசாலியும்கூட. மேசையில் இருந்த ஆர்த்ரோஸ்கோப்பை, அதாவது மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் குழாயைக் காட்டினார். 4 மில்லிமீட்டர் பருமன், பென்சிலை விட ஒல்லி. நுனிக் கண்ணாடி 30 டிகிரி சாய்ந்திருப்பதால், குழாயைச் சுழற்றினாலே மூலைமுடுக்கெல்லாம் தெரியுமாம். 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இறந்தவர் ஒருவரின் முட்டிக்குள் விட்டுப் பார்த்ததில் தொடங்கிய வித்தை இது.

அறுவை சிகிச்சையின்போது, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதால் திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். உப்புநீர் ஏற்றி மூட்டை விரித்திருந்தார்கள். அந்த நீரில் என் ஜவ்வின் கிழிந்த ஓரம் இளநீர் வழுக்கைபோல வெள்ளையாக ஆடியது. முட்டியில் ஒரு துளை வழியாக ஆர்த்ரோஸ்கோப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் துளை வழியாகச் சீவும் கருவியான ஷேவர் வந்தது: குழாய்க்குள் சுழலும் குழாய், நுனியில் பல். சீவியதை அதுவே உறிஞ்சிக்கொண்டது. தையல் துளைக்கு ஒன்றுதான்.

சிக்கல் பில்லில்தான் வந்தது. ஷேவர் பிளேடு இரண்டு என்று எழுதியிருந்தார்கள். அறையில் பிரித்தது ஒன்று, நான்தான் விழித்திருந்தேனே! அந்த உறையில், 2 என்ற எண்ணின் மேல் குறுக்குக்கோடு போட்ட வட்டத்தையும் பார்த்திருந்தேன். ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதே என்று பொருள். பிளேடு உறையிலிருந்து எடுத்து என் கோப்பில் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டுங்கள் என்றேன். ஒன்றுதான் ஒட்டியிருந்தது. தவறுதலாக ஏறிவிட்டது சார் என்று கழித்தார்கள். மயக்கத்தில் கிடந்தவருக்கு யார் எண்ணிச் சொல்வார்கள்?

தையல் பிரிக்கப் போன அன்று அப்பத்தாவும் கூட வந்து, தன் முட்டிக்கும் அதே துளையைப் போடச் சொன்னார். "ஆச்சி, உங்களுக்குத் தேய்மானம். உள்ளே கழுவிச் சீவினாலும் வலி போகாது, தொடைக்குப் பயிற்சி செய்யுங்கள்" என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். காசுக்காகச் செய்திருந்தால் யாருக்குத் தெரியும்? கவுன்டரில் வந்த கோபம் அங்கே பாதி இறங்கியது.

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், உடனே விமானம் ஏறவேண்டாம் என்றதால் திருச்சி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். அப்பத்தா இன்னும் அந்த மருத்துவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருக்கிறார்.