எழுத்துருவை எங்கே வைப்பது: குழுவின் கோப்புப் பகுதியிலா, ஜியோசிட்டீஸ் பக்கத்திலா?

2001 வாக்கில் தமிழ் மின்னஞ்சல் குழு நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும், உரையாடலைவிட எழுத்துருதான் பெரும்பாடு. யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பயன்பட்ட குறியீட்டு முறைகளில் ஒன்று திஸ்கி (TSCII). திஸ்கி எழுத்துரு இல்லாதவருக்கு நம் மடல் வெறும் குறிகளாகவே போய்ச் சேரும். எங்கள் ஊரான புதுச்சேரியில் கூடுதலாக ஒரு சிக்கலும் இருந்தது. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும்; திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128-ஆம் எண் முதல் மேலே உள்ள இடங்களில் அமர்ந்திருக்கும். பிரெஞ்சின் é போன்ற குறியிட்ட எழுத்துகளும் அதே இடங்களில்தான் இருக்கின்றன. பிரெஞ்சு மடலைத் திஸ்கி எழுத்துருவில் திறந்தால் சொல்லின் நடுவே தமிழ் எழுத்து முளைக்கும். எங்கள் குழுவில் பிரெஞ்சு ஆசிரியர்கள் இருந்தார்கள். அதனால் எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், விளக்கக் குறிப்பு மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் குழு யாஹூவின் மின்னஞ்சல் குழுச் சேவையில் நடந்தது; அதன் கோப்புப் பகுதியில் அவற்றை வைத்தோம். அன்று அதுதான் சரியான இடம் என்று இன்றும் வாதாடுவேன்.

மடலோடு இணைத்து அனுப்புவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மின்னஞ்சலில் போகும் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாறும். 1.2 எம்.பி. கோப்பு 1.6 எம்.பி. ஆகிவிடும். அன்றைய ஹாட்மெயில் பெட்டியின் மொத்தக் கொள்ளளவே 2 எம்.பி.தான். 33.6 கேபிபிஎஸ் தொலைபேசி இணைப்பில் ஒரு எம்.பி. இறங்க 4 நிமிடமாவது ஆகும். கேட்காதவர் தலையிலும் அதைக் கட்டுவது நியாயமில்லை. கடலூர் நண்பர்களுக்குப் பிளாப்பி வட்டில் கொடுத்தனுப்பலாம். பாரிஸிலும் பிரான்சின் ரீயூனியன் தீவிலும் இருக்கும் உறவுகளுக்கு அது உதவாது.

உண்மையான போட்டி, எவரும் சொந்த இணையப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ்தான். இலவசமாக 15 எம்.பி. இடம் கிடைத்தது. உறுப்பினராகாதவரும் முகவரியைத் தட்டிக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருபவருக்கு இது பெரிய வசதி. யாஹூ குழுவிலோ கோப்புப் பகுதியைத் திறக்கவே யாஹூ கணக்கு வேண்டியிருந்தது. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஜியோசிட்டீஸில் மணிக்கு இவ்வளவுதான் இறக்கலாம் என்ற வரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் பக்கம் சற்று நேரம் திறக்காது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது பராமரிப்பு. எழுத்துரு ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல. ஓர் எழுத்து பிசகியிருந்தால் திருத்திய பதிப்பு வரும், விசைப்பலகைக்குப் புது வடிவம் வரும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க ஓர் ஆள் வேண்டும். ஜியோசிட்டீஸ் பக்கம் ஒருவருடைய கணக்கு. அவர் வேலை மாறினாலோ ஆர்வம் குறைந்தாலோ கடவுச்சொல் அவரோடு போய்விடும். பழைய பதிப்பு அங்கேயே கிடக்க, புதிதாக வருபவர்கள் அதையே இறக்கிக்கொண்டிருப்பார்கள். குழுவில் உரிமையாளர் தவிர, குழுவை நிர்வகிக்கும் மட்டுறுத்துநர்கள் பலரையும் வைத்துக்கொள்ள முடிந்தது. பாரிஸில் இருப்பவர் தூங்கும் நேரத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருப்பவர் கோப்பை மாற்றிவிட முடிந்தது. மாற்றியதும் இன்ன கோப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தானாகவே ஓர் அறிவிப்பு மடல் போனது. புதிய உறுப்பினர் சேர்ந்தவுடன் விளக்கக் குறிப்பு தானே போய்ச் சேரும்படியும் அமைக்க முடிந்தது. "எழுத்துரு எங்கே?" என்று வாராவாரம் வந்த கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

எந்த இடம் நீடித்தது என்று பார்த்தாலும் குழுவின் பக்கமே தட்டு தாழ்கிறது. ஜியோசிட்டீஸை யாஹூ 1999-இல் வாங்கி, 2009 அக்டோபரில் மூடிவிட்டது. குழுக்களின் கோப்புகளை நீக்கப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது 2019-இல். பத்தாண்டு வித்தியாசம். அந்த அறிவிப்பு வந்தபோதும் கோப்புகளை இறக்கிக் காப்பாற்றும் உரிமை ஒருவர் கையில் மட்டும் இருக்கவில்லை.

பொது உரையாடல் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டை நான் வாசித்ததோடு சரி, கோப்பு எதையும் அங்கே வைத்ததில்லை. அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உரைக்காகப் பிறந்த இடம் அது. கோப்பை எழுத்துகளாக்கி, துண்டு துண்டாக ஏற்ற வேண்டும். அதைச் சேமித்து வைக்கும் கணினிகளான வழங்கிகள் சில காலத்துக்குப் பின் அதை அழித்தும் விடும். நிரலின் மூலத்தையே பலர் சேர்ந்து திருத்துவதாக இருந்தால் மட்டும் 1999-இல் தொடங்கிய சோர்ஸ்போர்ஜ் என்னும் நிரல் தளம், யாஹூ குழுவைவிட மேல். மூல நிரலை எவரும் பார்த்துத் திருத்த இடம் தரும் திறமூல உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பதே அங்கே நிபந்தனை.