குடும்பத்தோடு போவதா, மூன்று வாரம் போய் வருவதா?

போன மாதம் ஈரோட்டில் ஒரு சபையின் மிஷனரி கமிட்டியார் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் சபையில் இறையியல் முதுகலை முடித்த ஒரு தம்பி இருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு இறையியல் கல்லூரி ஆசிரியர் வேண்டுமென்று எழுதியிருக்கிறது. "ஏனுங்க, குடும்பத்தோட அனுப்பித்தான் ஆகணுங்களா? வருசத்துக்கு ரெண்டு தடவை மூணு மூணு வாரம் போயிட்டு வந்தா பத்தாதுங்களா?" என்று பொருளாளர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அரைமணி நேரத்தில் எங்களால் சரியாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தவர்கள். என் வீட்டுக்காரர் 2018-லும் 2019-லும் மூன்று வார வகுப்பு எடுக்க ஜாம்பியா போய் வந்தார். பிறகு 2022 ஜனவரியில் நானும் மகளும் அவரோடு போனோம். நான்கு வருடம் இருந்துவிட்டுப் போன டிசம்பரில்தான் கோபிக்குத் திரும்பினோம். முடிந்தவர்கள் குடும்பத்தோடு போய்த் தங்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. அதை மனதில் வைத்துக்கொண்டே மீதியைப் படியுங்கள்.

செலவு என்று பார்த்தால் மூன்று வாரம்தான் மலிவு. ஒரு ஆளுக்கு டிக்கெட், விசா, கல்லூரி விருந்தினர் அறை, அவ்வளவுதான். இங்கே வேலையை விட வேண்டாம், பிள்ளையின் படிப்பு கெடாது, வயதான பெற்றோரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டாம். இதில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை.

ஆன்லைனில் நடத்தலாமே என்று கமிட்டியில் ஒரு இளைஞர் கேட்டார். 2024-ல் மழை பொய்த்து கரீபா அணை வற்றியது. ஜாம்பியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரிலிருந்துதான் வருகிறது. அந்த வருடம் ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் கரண்ட் இருந்தாலே பெரிய விஷயம். அதுவும் பாதி நாள் நடுராத்திரியில்தான் வரும். கல்லூரிக்குள்ளேயே இருந்த நாங்கள் இம்பாவுலா என்கிற கரி அடுப்பில் சமைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் பாடம் நடத்தினோம். ஈரோட்டிலிருந்து திரையில் பேசியிருந்தால் அந்த வருடம் பாடமே நடந்திருக்காது. மின்சாரம் நிலையாக இருக்கும் நாடுகளில் எப்படியோ, அந்த அனுபவம் எங்களுக்கில்லை.

இன்னொரு வழி, அங்கிருந்து மாணவரை இங்கே வரவழைத்துப் படிக்கவைப்பது. பெங்களூரில் 1910-லிருந்து ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது, 1818-ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரி இருக்கிறது, மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது. மேற்படிப்புக்கு இது நல்ல வழி. ஆனால் கிராமத்துச் சபைக்கு ஆயராகப் போக வேண்டியவரை மூன்று வருடம் ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவருவது வேறு. நாற்பது வயதில், நாலு பிள்ளைகளோடு, ஒரு சபையையும் கவனித்துக்கொண்டிருக்கிறவர் வீட்டை விட்டு எங்கே வருவார்? குவாத்தமாலாவில் இதே சிக்கல் வந்துதான் 1963-ல் ஆசிரியர்களே மாணவர்களைத் தேடிப் போய்ப் பாடம் நடத்தும் விரிவாக்க முறையைத் தொடங்கினார்கள். 1971-ல் அது பெங்களூருக்கும் வந்தது.

ஆக, போட்டி குடும்பத்தோடு தங்குவதற்கும் மூன்று வாரம் போய் வருவதற்கும் நடுவில்தான்.

எந்தத் தொடர்பும் இல்லாத தேசத்துக்கு ஏன் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1830-ல் அடிஸ் ஐயரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியதும், பிறகு பிரப் ஐயரை ஈரோட்டுக்கு அனுப்பியதும் லண்டன் மிஷனரி சங்கம். பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் பிரப் ஆலயத்தைப் பார்க்காதவர் நம் ஊரில் இருக்க மாட்டார்கள். அதே சங்கம்தான் 1900-ல் வட ஜாம்பியாவில் எம்பெரேஷியில் மிஷன் தொடங்கியது. அந்த வழியில் வந்த சபைகளும் சேர்ந்துதான் 1965-ல் ஜாம்பியா ஐக்கிய சபை ஆனது. 1977-லிருந்து, அந்தச் சங்கத்தின் வழிவந்த கவுன்சில் ஃபார் வேர்ல்ட் மிஷனில் அவர்களும், தென்னிந்தியத் திருச்சபையான நாமும் சம உறுப்பினர்கள். அனுப்புகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர் என்ற பழைய ஏற்பாடு அதில் கிடையாது. ஒரு தாய்க்குப் பிறந்த வீட்டுக்குத்தான் போகிறோம்.

இனி, எது என்னை இந்தப் பக்கம் சாய்த்தது என்று சொல்கிறேன்.

மூன்று வார வகுப்பில் காலை முழுக்கப் பாடம், மதியம் வாசிப்பு, கடைசி வாரம் தேர்வும் கட்டுரையும். கட்டுரையை ஆசிரியர் விமானத்தில் திருத்துவார், மதிப்பெண்ணை மின்னஞ்சலில் அனுப்புவார். 2019-ல் என் வீட்டுக்காரர் அப்படித்தான் இருபத்திரண்டு கட்டுரைகளைத் திருத்தினார். எல்லாம் ஒழுங்கான ஆங்கிலம், சரியான வசனக் குறிப்பு. தாராளமாகவே மதிப்பெண் போட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் என்று வீட்டில் சந்தோஷமாகச் சொன்னார்.

2022-ல் அதே பாடம், பரிசுத்த ஆவியானவரைப் பற்றியது. ஜாம்பியாவின் வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு மாணவர் ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் வாக்கியங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டது. 2019-ல் வந்த கட்டுரைகளும் இப்படித்தான் இருந்தன என்பது என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த முறை ஊருக்குப் போகிற அவசரம் இல்லை. மதிப்பெண் போடாமல், ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "உங்கள் பாட்டி இதை எப்படிச் சொல்வார்?"

மூன்று மாதம் அந்தத் தாள் திரும்பி வரவில்லை. ஆள் மட்டும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். அவர்கள் பேசும் பெம்பா மொழி பைபிளில் பரிசுத்த ஆவிக்கு 'உமுபாஷி வா முஷிலோ' என்று பெயர். முபாஷி என்றால் இறந்துபோன மூத்தோரின் ஆவியும்தான். குடும்பத்தைக் காக்கும், பிறக்கும் பிள்ளைக்குப் பெயரோடு வந்து சேரும் என்பார்கள். பைபிளில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிற சொல். ஆனால் அதைப் பற்றி வகுப்பில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் குலதெய்வக் கோயில் பக்கம் போகிற பஸ்ஸில் என் அம்மாயி கண்ணை மூடிக்கொள்வார். அதை நான் சொன்ன அன்றைக்குத்தான் அந்த மாணவர் தன் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வந்துபோகிற ஆசிரியரிடம் கேட்க முடியாததை, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார்.

இரண்டாவது கட்டுரை பதினான்கு பக்கம் வந்தது. ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கிற இரவில் தொடங்கியது. இலக்கணம் பிசகியிருந்தது, ஓர் இடத்தில் பதில் தெரியவில்லை என்று எழுதி அப்படியே விட்டிருந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் வீட்டுக்காரர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் கோயம்புத்தூர் திருமண்டலத்தின் முதல் பேராயர் அப்பாசாமி, தமிழ் பக்திப் பாடல்களின் வழியாக யோவான் சுவிசேஷத்தைப் படித்தவர். தன் மண்ணின் சொல்லை வைத்துக்கொண்டு வேதத்தைப் படிக்கிற அந்தத் துணிச்சல் மூன்று வாரத்தில் யாருக்கும் வராது. முதல் கட்டுரையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இரண்டாவது கட்டுரை வரும்வரை அங்கே இருக்க வேண்டும். அந்த மாணவர் இப்போது ஏழு கூடுகை இடங்களுள்ள ஒரு சபையில் ஆயர். அந்தப் பதினான்கு பக்கத்தைப் பெம்பாவில் எழுதி, மூப்பர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்.

'குடும்பத்தோடு' என்பதை ஏன் அழுத்துகிறேன் என்றால், அங்கே மாணவர்களும் குடும்பத்தோடுதான் வளாகத்தில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு குடும்பங்கள். தனியாக வந்த ஆசிரியரிடம் அந்தப் பெண்கள் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். முதல் மாதமே என்னை மகளின் பெயரோடு 'பானா' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள், இன்னார் அம்மா என்கிற மாதிரி. பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'பா' போடுவது நாம் எதற்கும் 'ங்க' போடுவது போலவே. நான் கணக்கு டீச்சர். சபை வரவு செலவு எழுதுவதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நிஷிமா கிண்ட அவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மக்காச்சோள மாவில் செய்கிற களிதான், ராகிக்களி கிண்டின கை சீக்கிரம் பழகிக்கொண்டது. நாளைக்கு இந்தப் பெண்கள்தான் ஆயர் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களை முதலில் பார்ப்பவர்கள். இவர்களோடு இருக்க மூன்று வார ஆசிரியருக்கு வழியே இல்லை.

தங்குவதன் பாரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023-ல் என் மாமனார் இறந்தபோது அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மகளுக்கு இரண்டு முறை மலேரியா வந்தது. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நமக்கு ஜூன். இரண்டாம் வகுப்பு நடுவில் போனவள், ஆறாம் வகுப்பு நடுவில் வந்து சேர்ந்தாள். தமிழ் பேசுகிறாள், வாசிக்கும்போது திணறுகிறாள். தினம் அரைமணி நேரம் தமிழ் வாசிக்கவைத்திருக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளையோடு போவதைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பிரெஞ்சு பேசுகிற நாடென்றால் முதல் வருடம் மொழிக்கே போய்விடும் என்று போனவர்கள் சொல்கிறார்கள்.

பண விஷயத்தில் கமிட்டி முதலில் ஆடிட்டரைப் பார்க்க வேண்டும். அறக்கட்டளையின் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவு செய்தால், தனி அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. அதனால் வீடும் அங்கத்திய சாப்பாட்டுச் செலவும் கூப்பிடுகிற சபையிடமும், இங்கிருக்கிற பெற்றோர், இன்சூரன்ஸ், திரும்பி வரும்போது பிள்ளை படிப்பு இவை உங்களிடமும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. வாக்குக் கொடுத்தால் நான்கு வருடத்துக்குக் கொடுங்கள். இரண்டாம் வருடம் எங்களுக்கு வரவேண்டிய தொகை ஐந்து மாதம் நின்றது. மற்ற வருடங்களின் கஷ்டமெல்லாம் சேர்ந்தும் அந்த ஐந்து மாதத்துக்கு ஈடாகாது.

மூன்று வாரத்துக்கும் இடம் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சபை நிர்வாகம், கணக்கு, ஆலோசனைப் பயிற்சி போன்ற பாடங்கள், இவற்றுக்கு அது தாராளமாகப் போதும். நாளைக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர் ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் நல்லது.

அந்தத் தம்பிக்கு முப்பத்தி நாலு வயது, மகன் ஒன்றாம் வகுப்பு. இதைவிடத் தோதான வயது வராது. அவர் மனைவி பெருந்துறையில் நர்ஸாக இருக்கிறார். அன்றைய கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டு, முதலில் அவரைப் பேச விடுங்கள். அதற்கு முன்னால் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், ஞாயிறு மதியம் வீட்டில்தான் இருப்பேன். கோபிக்கு வரச் சொல்லுங்கள்.