சின்ன பட்ஜெட்டில் வால்வு ஆம்ப்: இஎல் 34 ஒற்றையா, பழைய மைக் செட்டா, இஎல் 84 ஜோடியா?

முப்பதாயிரம் ரூபாய்க்குள் வால்வு ஆம்ப் வேண்டும் என்று பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ இருந்துகொண்டு தேடினால் நான்கு வகைதான் கண்ணில் படும். வெளியே இரண்டு சின்ன வால்வும் உள்ளே சிப்பும் வைத்த ஹைபிரிட் ஒன்று. சேனலுக்கு ஒரு இஎல் 34 பவர் வால்வு மட்டும் போட்ட சீன சிங்கிள் எண்டட் (ஒற்றை) இன்னொன்று. கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓடி ஓய்ந்த பழைய வால்வு மைக் செட் மூன்றாவது. இஎல் 84 என்ற சின்ன பவர் வால்வைச் சேனலுக்கு இரண்டாகப் போட்டு, ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேலை செய்யும் புஷ்புல் நான்காவது. நான் நான்காவது பக்கம்தான். அதன் ஒலி பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் பெரிய காரணம் அது இல்லை. ஐந்து வருஷம் கழித்துப் பழுதானால் நம்ம ஊரிலேயே அதைத் தூக்கி நிறுத்த முடியும்.

ஹைபிரிடைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதில் பெரும்பாலும் டிபிஏ 3116 போன்ற ஒரு சிப் இருக்கும். 21 வோல்ட் கொடுத்தால் 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 50 வாட் தரக்கூடிய நல்ல சிப். ஸ்பீக்கருக்குப் போகும் பவர் முழுக்க அதனுடையது, வால்வு முன்னால் நிற்கும் ஒரு படி மட்டுமே. வால்வின் சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஐயாயிரத்துக்குள் ஒரு ஆம்ப் வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கலாம். வால்வு ஆம்ப் கேட்பவருக்கு இது பதில் ஆகாது.

பழைய மைக் செட் ஆம்ப் வேறு கதை. அதிலிருக்கும் இரும்பும் செம்பும் இன்றைய விலைக்குக் கிடைக்காது. ஆனால் அது மோனோ. ஸ்டீரியோ வேண்டுமென்றால் ஒரே மாதிரி இரண்டு பிடிக்க வேண்டும். பின்னால் 100 வோல்ட் லைன் முனை இருக்கும், அது கூம்புக் குழாய்களுக்கானது. வீட்டு ஸ்பீக்கரை 8 அல்லது 16 ஓம் முனையில்தான் கொடுக்க வேண்டும். பேச்சும் பாட்டும் தெருமுனை வரை கேட்கட்டும் என்று சுற்றிய டிரான்ஸ்பார்மர் என்பதால் தவிலின் அடிச்சத்தம் (பாஸ்) மெலிந்துதான் வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பழைய பேப்பர் கண்டன்சர். முன் வால்வுக்கும் பவர் வால்வுக்கும் இடையில் நிற்கும் கப்ளிங் கண்டன்சர் கசிந்தால் பவர் வால்வின் கிரிட்டுக்கு (வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) பிளஸ் வோல்டேஜ் ஏறும். வால்வுக்குள் பிளேட் என்ற வெளித்தகடு செவக்கும், கவனிக்காமல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போய்விடும். சோதிக்க, பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து, சாக்கெட்டின் கிரிட் பின்னில் டிசி பார்க்க வேண்டும். இஎல் 34க்கு அது 5ஆம் பின், இஎல் 84க்கு 2ஆம் பின். பூஜ்யமோ மைனஸோ காட்டினால் நல்லது. அரை வோல்ட் பிளஸ் காட்டினாலும் அந்தக் கண்டன்சர் குப்பைக்குத்தான். வால்வு இல்லாதபோது எச்டி வோல்டேஜ் (வால்வுக்குப் போகும் உயர் டிசி) ஏறி நிற்கும், ஆகவே பார்த்ததும் அணைத்துவிடவும்.

இப்படி ஒரு செட்டை எடுத்தால் பேப்பர் கண்டன்சர் எல்லாவற்றையும் 630 வோல்ட் பாலிபுரோபிலீனாகவும், ஃபில்டர் கண்டன்சர்களை 105 டிகிரி ரகமாகவும், இரண்டு பின் வயரை எர்த்தோடு மூன்று பின்னாகவும் மாற்றாமல், மேலே சொன்ன சிறு சோதனைக்குத் தவிர, கரண்ட் கொடுக்கவே கூடாது. பழைய மோனோப் பாட்டுகளை மட்டும் ஒரே பெரிய ஸ்பீக்கரில் கேட்பவருக்கு, இந்த வேலையைச் செய்யத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால், இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

இனி நிஜப் போட்டி: இஎல் 34 ஒற்றையா, இஎல் 84 ஜோடியா?

எண்களை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒற்றை இஎல் 34 எட்டு முதல் பத்து வாட் தரும். இஎல் 84 ஜோடி பன்னிரண்டு வாட் பக்கம் தரும். அது ஒரு டெசிபல் சொச்சம்தான், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. சூட்டிலும் அப்படித்தான். இஎல் 34 ஒன்று பிளேட்டில் 25 வாட், வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரில் 9.5 வாட் எரிக்கும். இஎல் 84 ஒன்று 12 வாட்டும் 4.8 வாட்டும். முன்னதில் இரண்டு, பின்னதில் நான்கு என்று கூட்டினால் இரண்டுமே எழுபது வாட் பக்கம் வந்து நிற்கும். சித்திரை வெயிலில் எது இருந்தாலும் அறை சுடத்தான் செய்யும். ஆம்புக்கு மேலே ஒரு முழம் காலியாக விடவும்.

வித்தியாசம் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. ஒற்றை வால்வு ஆம்பில் அந்த டிரான்ஸ்பார்மரின் சுற்று வழியே எப்போதும் டிசி ஓடும். அது இரும்பை ஒரே பக்கமாகக் காந்தமாக்காமல் இருக்க, இ (E) வடிவத் தகடுகளை ஒரு பக்கமும் ஐ (I) வடிவத் தகடுகளை மறுபக்கமுமாக அடுக்கி நடுவில் சிறு இடைவெளி விடுவார்கள். இடைவெளி விட்டால் அடிச்சுருதிக்குத் தேவையான இண்டக்டன்ஸ் குறையும். அதை ஈடுகட்ட இரும்பு பெரிதாக வேண்டும், இரும்பு பெரிதானால் விலை ஏறும். சின்ன பட்ஜெட் ஆம்பில் கை வைப்பது இந்த இடத்தில்தான். புஷ்புல்லில் இரண்டு வால்வின் டிசியும் எதிரெதிரே ஓடி ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். இடைவெளி தேவையில்லை. அதே எடை இரும்பில் அடிச்சத்தம் கூடுதலாக வரும், எச்டியில் மிஞ்சும் உம்மென்ற இரைச்சலும் பெருமளவு அடங்கும்.

காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைப் போட்டுப் பாருங்கள். நாதஸ்வரம் மட்டும் தனித்து வரும் ஆலாபனையில் நல்ல இஎல் 34 ஒற்றை கொஞ்சம் முந்தும். அந்தக் கனிவு அதற்கே உரியது. இது காதுக்குக் காது மாறும். தவில் சேர்ந்ததும் மலிவான ஒற்றையின் டிரான்ஸ்பார்மர் திணறும், ஜோடி நிமிர்ந்து நிற்கும்.

டிரான்ஸ்பார்மர் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி. நெல்லையில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. புஷ்புல் டிரான்ஸ்பார்மரை, பழைய சுற்றை அடுக்கடுக்காகப் பிரித்து எண்ணிக்கை எழுதிக் கொடுத்தால், பொறுமையுள்ள ஆள் கட்டிவிடுவார். தகடுகளை மாற்றி மாற்றிச் செருகினால் போதும். பிரைமரியையும் (வால்வுப் பக்கச் சுற்று) செகண்டரியையும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) பிரித்துப் பிரித்து இடையிடையே சுற்ற வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மொத்தமாகச் சுற்றினால் மேல்சுருதி செத்துப்போகும். ஒற்றை ரகத்தில் இடைவெளிக்கு வைத்த காகிதத்தின் தடிமன் கொஞ்சம் மாறினாலும் வேலை கெட்டுவிடும்.

டிரான்ஸ்பார்மரைச் சோதிக்க, செட்டை அணைத்து, எச்டி கண்டன்சரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, பவர் வால்வுகளையும் ஸ்பீக்கரையும் கழற்ற வேண்டும். பிரைமரியின் இரு முனைக்கும் சாதாரண 12 வோல்ட் ஏசி கொடுக்கவும். இஎல் 84 ஜோடிக்கு வழக்கமான 8000 ஓம் டிரான்ஸ்பார்மரில் 8 ஓம் முனைக்குச் சுற்று விகிதம் 31.6. ஆக அந்த முனையில் 0.38 வோல்ட் பக்கம் வர வேண்டும். நடு முனையிலிருந்து இரு பக்கமும் சரியாக 6, 6 காட்ட வேண்டும். ஒரு பக்கம் இறங்கினால் உள்ளே சுற்று ஷார்ட். ஓம் மீட்டரில் இரண்டு பாதிக்கும் சிறு வித்தியாசம் தெரிவது வேறு, அது பழுது ஆகாது. வெளிச்சுற்றுக்குக் கம்பி நீளம் அதிகம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பில் பாட்டுப் போடக் கூடாது. டிரான்ஸ்பார்மரைக் கொல்ல அதைவிட எளிய வழி கிடையாது.

அடுத்தது கரண்ட். வெளியிலிருந்து வரும் ஆம்ப் பலவும் 220 வோல்ட்டுக்குச் சுற்றியவை. இங்கே ஊர் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 245 காட்டலாம். அப்போது 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.0 வோல்ட் போகும். வால்வுக்கு ஐந்து சதவீதம் வரை ஏறி இறங்குவது பரவாயில்லை, பத்துக்கு மேல் போனால் ஆயுள் வேகமாகக் கரையும். இஎல் 84 சாக்கெட்டின் 4, 5ஆம் பின்னில் ஏசி வைத்துப் பாருங்கள். 6.6க்கு மேல் இருந்தால் கை வைத்தாக வேண்டும்.

எச்டியும் அதே அளவு ஏறும். ஒரு ஜோடிக்குப் பொதுவாக கேத்தோடில் (வால்வில் எலக்ட்ரான் கிளம்பும் முனை) வைத்த ரெசிஸ்டர் 130 ஓம், அதன்மேல் 11 வோல்ட் என்றால் 85 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. வால்வுக்கு 42. ஸ்கிரீன் என்ற இரண்டாவது கிரிட்டின் பங்காக 5 கழித்தால் 37. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 290 வோல்ட் என்றால் 10.7 வாட், எல்லைக்குள்தான். லைன் வோல்டேஜ் பத்து சதவீதம் ஏறினால் எச்டியும் மில்லி ஆம்பியரும் சேர்ந்து ஏறி 13 வாட்டைத் தொடும். இஎல் 84க்கு எல்லை 12. வாங்கிய வருஷத்திலேயே வால்வு சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம், பழி மட்டும் வால்வு கம்பெனிமேல் விழும்.

பரிகாரம் மலிவு. 230க்கு 18 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி, அதன் 18 வோல்ட் சுற்றை ஆம்புக்குப் போகும் லைனில் எதிர்த்திசையில் தொடராகப் போட வேண்டும். 245 வந்தால் 226 ஆகும், ஹீட்டர் 6.5க்குள் நிற்கும். முதலில் ஆம்பை இணைக்காமல் ஒரு 60 வாட் குண்டு பல்பை இணைத்து அளக்கவும். 226க்குப் பதில் 264 காட்டினால் 18 வோல்ட் சுற்றின் இரு வயரையும் மாற்றிப் போடவும். முன்னால் ஒரு பியூஸ், வெளியே மூடிய பெட்டி கட்டாயம். மெயின் லைனில் கை வைத்துப் பழக்கமில்லாதவர் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடவும். பம்பு செட் ஓடும் கிராமத்து லைனில் பகலில் 200க்கு இறங்கும் வீடானால் இதை விலக்கிவிட ஒரு மாற்றுச் சுவிட்சும் வேண்டும். இல்லையென்றால் ஹீட்டர் 5.3க்கு விழுந்து ஒலி சோம்பிப்போகும்.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டுவதைத் தவிர்க்கலாம். அதில் உச்ச வோல்டேஜ் குறைவு என்பதால் ஹீட்டர் சரியாக எரிந்தாலும் எச்டி தளர்ந்துவிடும், டிரான்ஸ்பார்மரும் ரீங்காரமிடும்.

வால்வு கிடைப்பதில் இரண்டுக்கும் குறைவில்லை. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்றிலும் இவை இன்னும் தயாராகின்றன. 2022இல் ரஷ்ய வால்வு வரத்து சில காலம் தடைப்பட்டதை நினைத்து, ஒரு செட் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. இஎல் 84 பழைய வால்வு ரேடியோக்களிலும் இருந்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தவை பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாவில் இன்னும் அகப்படலாம். மறுவிற்பனை விலையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, இந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் கொஞ்சம்பேர்.

இஎல் 84 ஆம்ப் வாங்கும்போது அடித்தட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டுகளைச் சேஸிசில் போல்ட் போட்டு வயரில் இணைத்திருந்தால் எடுக்கலாம். பிசிபியிலேயே நட்டிருந்தால் சூட்டிலும் வால்வைப் பிடுங்கிச் செருகுவதிலும் ஈயம் விரிசல் விட்டு, தட்டினால் கரகரவென்னும். கெட்ட வால்வு என்று நினைத்துப் புது வால்வு வாங்குமுன் பின்களுக்கு மறுபடி ஈயம் வைத்துப் பார்க்கவும்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கத்து உப்புக் காற்றில் சாக்கெட் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தளர்ந்த பின்களை ஊசியால் நெருக்கிவிட்டால் போதும். பயாஸைத் (வால்வின் ஓட்டத்தை அளவாக நிறுத்தும் கிரிட் வோல்டேஜ்) திருகி வைக்கும் ஆம்பில் அந்தத் திருகியே களிம்பேறித் தொடர்பு விட்டால் வால்வு கட்டுப்பாடின்றிச் செவந்துபோகும். கேத்தோடு ரெசிஸ்டர் வைத்த ஆம்பில் அந்தப் பயம் கிடையாது.

பல்லிக்கும் வழி அடைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும் சேஸிசுக்குள் ராத்திரி புகுந்து, காலையில் ஆன் செய்யும்போது எச்டி முனைக்கும் சேஸிசுக்கும் குறுக்கே அது கிடந்தால் பியூஸோடு ரெக்டிபையரும் போகும். அடித்தட்டுத் துளைகளுக்கு உள்பக்கமாகச் சன்னமான கம்பி வலையை வெட்டி வைத்து, நான்கு மூலையிலும் ஸ்குரூ போட்டுச் சேஸிசோடு இறுக்கிவிடவும்.