ஆறு தீபாவளி கண்ட ஸ்பிட்ஃபயர்: எந்தத் திருத்தம் நின்றது, எது நிற்கவில்லை

தீபாவளிக்கு முந்தின வாரம் கண்ணாடி அலமாரியைத் திறந்து மாடல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. மற்ற விமானங்கள் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டியதும் உள்ளே போய்விடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மட்டும் சாப்பாட்டு மேஜைக்கு வரும். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் அதை நிறுத்தி, இறக்கை உடலோடு சேரும் இடத்தைவிட நுனி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுவேன். 2020 ஆகஸ்டில் முடித்த மாடல் அது. அந்த வருடத்திலிருந்து 2025 வரை நோட்டில் ஆறு வரிகள் சேர்ந்திருக்கின்றன. ஆறிலும் ஒரே எண்: 17 மி.மீ.

பெட்டியில் வந்த இறக்கைச் சாய்வை நான் திருத்தியது இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். அதில் செய்த மற்ற திருத்தங்களைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியாது. கிட், அதாவது பாகங்களாகப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாடல், அதன் திருத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெயின்ட் காய்ந்த கையோடு எழுதிவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாத் திருத்தமும் அழகாகத்தான் தெரியும். புட்டி உள்வாங்குவதும் ரெசின் வளைவதும் ஒரு கோடை, இரண்டு கோடை போன பிறகுதான் கண்ணில் படும். அதனால்தான் இத்தனை வருடம் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன்.

நான் டர்பனில், மெர்பேங்கில் வளர்ந்தவன். பழைய விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. 2010இல் கிங் ஷாகா விமான நிலையம் திறந்து இதை மூடும்வரை, வீட்டுக் கூரைக்கு மேல் விமானம் இறங்காத நாளில்லை. தொழில் டூல்ரூம் ஃபிட்டர். 'ஏறக்குறைய சரி' என்றால் என் கை ஒப்பாது. 2018இல் 1/32 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 பெட்டி ஒன்று வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. இதே வகைக் குறைகளைப் பல பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். மார்க் 9ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. போர் முடிந்த பிறகு, 1947க்கும் 1949க்கும் இடையில், தென்னாப்பிரிக்க விமானப்படை இந்த ரகத்தில் 136 விமானங்களை வாங்கியது. நம் ஊர் வானத்தில் பறந்த விமானம் என் அலமாரியில் சரியான உருவத்தோடு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதலில் பசை போடாமல் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து வைத்து அளந்தேன். நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம். 32ஆல் வகுத்தால் 351 மி.மீ. வரும். கிட்டில் 350 இருந்தது. நீளம் சுமார் 31 அடி 1 அங்குலம், அதாவது மாடலில் 296 மி.மீ. அதுவும் ஒத்துப்போனது. பெட்டியைப் பற்றிச் சொல்லும் பலர் இந்த இரண்டு எண்களோடு நின்றுவிடுவார்கள். இந்தக் கிட்டில் தப்பெல்லாம் இவற்றுக்கு நடுவில் இருந்தது.

ஸ்பிட்ஃபயரின் இறக்கை, உடலோடு சேரும் வேரிலிருந்து 6 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். மாடலில் வேரிலிருந்து நுனிவரை சுமார் 160 மி.மீ. என்றால் நுனி 17 மி.மீ. உயர வேண்டும். கிட்டில் 13தான் இருந்தது. கேட்க நான்கு மில்லிமீட்டர்தான். ஆனால் நிஜ அளவில் அது கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர். முன்னாலிருந்து பார்த்தால் விமானம் களைத்துப்போய் நிற்பதுபோல இருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்கென்று ஒரு நிற்கும் தோரணை உண்டு, அது போய்விடுகிறது. கீழ் இறக்கைத் துண்டின் உட்புறத்தில் வேரை ஒட்டிக் கத்தியால் கோடு இழுத்து மெதுவாக மடக்கினேன். 3 மி.மீ. சதுரப் பித்தளைக் குழாயை இரண்டு பக்கமும் 6 டிகிரிக்கு வளைத்து, இறக்கைக்குள் விட்டமாகப் படுக்க வைத்து எபாக்சியில் பதித்தேன். நுனி உயர்ந்ததும் மேல் இறக்கை உடலோடு இடிக்கும். அங்கே கொஞ்சம் அரத்தால் எடுக்க வேண்டியிருந்தது. செய்த திருத்தங்களிலேயே செலவு குறைவு, பலன் அதிகம். நோட்டில் மாறாமல் நிற்கும் அந்த 17 இதனுடையதுதான். பெரிய அளவு மாடல் கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்: ரெசின் பாகம் எதுவும் வாங்குவதற்கு முன்னால் பித்தளைக் குழாய் வாங்குங்கள்.

அடுத்தது இறக்கையின் பின்விளிம்பு அடிவயிற்றோடு சேரும் இடம். நிஜத்தில் அங்கே கடற்பறவையின் இறக்கைபோல ஒரு மென்மையான வளைவு உண்டு. கிட்டில் அது தட்டையாக இருந்தது. மில்லிபுட் என்ற இரண்டு பாக எபாக்சி புட்டியைச் சரிபாதியாகப் பிசைந்து, ஈர விரலால் இழுத்து அந்த வளைவைக் கொண்டுவந்தேன். ஆறு வருடத்தில் அது துளியும் சுருங்கவில்லை. வலது பக்கம் மட்டும், புட்டி பிளாஸ்டிக்கோடு சேரும் விளிம்பில், 2022இல் முடியளவு விரிசல் விட்டது. இடது பக்கத்தில் பிளாஸ்டிக்கைக் கீறிச் சொரசொரப்பாக்கியிருந்தேன், வலது பக்கத்தில் அவசரத்தில் விட்டுவிட்டேன். வித்தியாசம் அது ஒன்றுதான்.

இனி ரிவெட்டுக்கு, அதாவது விமானத்தின் தகடுகளை இணைக்கும் ஆணிகளுக்கு, வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

பெட்டியைத் திறந்தால் மூக்கிலிருந்து வால்வரை குழிக்குழியாக ஆயிரக்கணக்கில் ரிவெட். படத்தில் பார்க்க மயக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கிட்டின் பேனல் கோடு 0.3 மி.மீ. அகலம் என்றால் நிஜத்தில் அது ஒரு சென்டிமீட்டர் இடுக்கு. அப்படி ஒரு விமானத்தை எந்தத் தொழிற்சாலையும் வெளியே விடாது. ஸ்பிட்ஃபயரில் இன்னொரு தனிச் செய்தியும் உண்டு. அதன் ரிவெட்டுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. முதல் மாதிரி விமானம் கே5054 பறந்தது 1936 மார்ச் 5ஆம் தேதி. தலை தட்டையான ரிவெட் அடிக்க நேரமும் காசும் அதிகம். அதனால் எங்கெல்லாம் சாதாரண உருண்டைத் தலை ரிவெட் போதும் என்று தெரிந்துகொள்ள, உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு ரிவெட் மேலும் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல்வரை குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பை எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பறந்து பார்த்தார்கள். நம் சமையலறைச் சாமானை வைத்து இவ்வளவு கெட்டிக்கார சோதனை செய்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான். அதனால் இறக்கையின் முன்பகுதியும் மூக்கும் வழவழப்பாக இருக்கும், 1943 தொடக்கம்வரை செய்த விமானங்களில் விமானியின் இருக்கைக்குப் பின்னால் உடலில் உருண்டைத் தலைகள் வெளியே துருத்தி நிற்கும். என் கிட்டில் இரண்டு இடத்திலும் ஒரே குழி.

மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற, குழியை நிரப்பும் கெட்டியான அடிப்பூச்சைப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, இறக்கை முழுவதையும் மூக்கையும் மூடினேன். மூன்று சுற்று ஆனது. பின் உடலில், நீரில் நனைத்து ஒட்டும் டீக்கல் தாளில் வரும் ரெசின் புள்ளி ரிவெட்டுகளை வரிவரியாக ஒட்டினேன். 2020 மார்ச் 27 தொடங்கிய ஊரடங்கு இல்லையென்றால் அந்த வேலை முடிந்திருக்காது. இன்றுவரை ஒரு புள்ளி உதிரவில்லை. தூசி தட்டும்போது மட்டும் பிரஷ் முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் பின் உடலைப் பார்க்கும்போது வரும் திருப்தி எனக்கு வேறு எந்த மாடலிலும் வந்ததில்லை.

நான் செய்த பெரிய தப்பு அயிலரானில், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பில். ஜோஹானஸ்பர்க்கில், சாக்சன்வோல்டில், மிருகக்காட்சிசாலையை ஒட்டி ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு ஸ்பிட்ஃபயர் நிற்கிறது. என்3 சாலையில் ஆறு மணி நேரம் ஓட்டிப் போய், நாள் முழுக்க நின்று படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து படத்தையும் கிட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிட்டின் அயிலரான் நுனிப் பக்கம் கிட்டத்தட்ட 7 மி.மீ. நீளமாக இருந்தது. தப்பு பிடித்துவிட்டோம் என்று பழைய கோட்டை நிரப்பிப் புதுக்கோடு வெட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. அருங்காட்சியகத்தில் நிற்பது மார்க் 8. மார்க் 7, 8 இரண்டுக்கும்தான் அயிலரானில் எட்டரை அங்குலம் குறைத்தார்கள். மார்க் 9 அப்படியில்லை. 1942இல் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190ஐச் சமாளிக்க அவசரமாக மார்க் 5இன் உடலிலேயே புது மெர்லின் எஞ்சினைப் பொருத்தி இறக்கிய விமானம் அது. இறக்கை பழைய இறக்கை, அயிலரானும் பழைய நீளம். அந்த ஃபோக்கே-வுல்ஃபும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றும் எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. கிட் சரியாகத்தான் இருந்தது. திருத்தியதைத் திரும்பத் திருத்தினேன்.

அன்றிலிருந்து அருங்காட்சியகம் போனால் முதலில் விமானத்தின் ரகத்தை நோட்டில் எழுதி அடிக்கோடிடுகிறேன். அப்புறம்தான் கேமரா. பக்கத்தில் நின்று எடுத்த படத்தை வைத்து வடிவத்தை முடிவு செய்வதும் இல்லை. கிட்டே போனால் மூக்கு ஊதும், வால் சிறுக்கும். முடிந்தவரை தள்ளி நின்று, லென்ஸை நீட்டி எடுக்க வேண்டும். அங்கே இருக்கும் மெசர்ஷ்மிட் 262 இரட்டை இருக்கை இரவுப்போர் விமானத்தைப் பார்க்கவாவது ஒருமுறை போய்வாருங்கள். போர்க்காலத்து அசல் இரவுப்போர் 262களில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அந்த ரகத்தைத் தொழிற்சாலையிலேயே தகடு சேரும் இடங்களில் புட்டி பூசித் தேய்த்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் கிட்காரர்கள் அதன் மேலும் ஆழமாகக் கோடு போடுகிறார்கள்.

நிரப்பிகள் எப்படி நின்றன என்று பலர் கேட்பார்கள். குழாயில் வரும் ஒரு புட்டியைத் துப்பாக்கி அறை மூடியின் பழைய கோட்டில் போட்டேன். எட்டே மாதத்தில் உள்வாங்கி, மூடிய கோடு பெயின்ட் வழியாக மறுபடி தெரிந்தது. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவின் துண்டுகளைத் திரவப் பசையில் கரைத்த கூழ் பிளாஸ்டிக்கோடு ஒன்றாகிவிடும், அது நல்ல குணம். ஆனால் நான்கு வாரமாவது தொடாமல் வைக்க வேண்டும். நான் பத்து நாளில் தேய்த்த இடம் ஒரு வருடத்தில் லேசாகப் பள்ளமானது. சூப்பர் க்ளூவில் முகப்பவுடர் கலந்து போட்ட இடம் மட்டும் போட்டபடியே இருக்கிறது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். மறுநாளானால் கல்லாகி, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் தேயும்.

புரொப்பெல்லர் ஒரு தனிக் கதை. நிஜத்தில் விட்டம் 10 அடி 9 அங்குலம், மாடலில் 102 மி.மீ. வர வேண்டும். கிட்டில் 98. வாங்கிய ரெசின் இலைகள் அளவில் சரியாக இருந்தன. ஆனால் இரண்டாவது பிப்ரவரி வெயிலிலேயே இரண்டு இலை நுனிகள் வளைந்துவிட்டன. "மாமா, நான் பிரிண்ட் பண்ணித் தர்றேன்" என்று அக்கா மகன் தன் பிரிண்டரில் அச்சடித்துக் கொடுத்தான். கோடுகூடத் தெரியாத அழகு. 2023 தீபாவளிச் சுத்தத்தில் பிரஷ் பட்டு ஒரு நுனி முறிந்தது. கடைசியில் பித்தளைக் கம்பியை நடுவில் வைத்து, பிளாஸ்டிக் தகட்டை இரண்டு பக்கமும் ஒட்டி, நான்கு இலையையும் அரத்தால் வடித்தேன். இரண்டு வாரம் பிடித்தது. இனி அதைத் தொட வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். சக்கரக்கால்களும் அப்படித்தான். பித்தளையும் எபாக்சியும் சேர்த்த எடையைக் கிட்டின் பிளாஸ்டிக் கால் தாங்கவில்லை. 2022இல் இடது கால் வெளியே சரிந்தது. பித்தளைக் குழாய்க்குள் எஃகுக் கம்பி விட்டுப் புதுக்கால் செய்தேன். இறக்கைக்குள் கனம் சேர்க்கிறவர்கள் காலையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

டர்பன்காரர்களுக்கு மட்டும் ஒன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை லாக்கர் பெயின்ட் அடித்தால் ஈரக்காற்றில் வெள்ளை பூக்கும். நான் பெயின்ட் வேலை முழுவதையும் ஜூன், ஜூலைக்குத் தள்ளிவிட்டேன். 2022, 2023 வருட மின்வெட்டு நாட்களில் பெயின்ட் தெளிக்கக் காற்றுத் தொட்டி வைத்த கம்ப்ரசர்தான் கைகொடுத்தது. கரண்ட் போனாலும் ஒரு பக்க இறக்கையை முடிக்கும் அளவுக்கு அதில் காற்று இருக்கும்.

திரும்பச் செய்தால் விட்டுவிடுவது விமானி அறைக்கு வாங்கிய ரெசின் தொகுதியைத்தான். மூடிய கண்ணாடிக்குள் அதில் பாதி தெரிவதில்லை, விலையோ கிட்டின் பாதி. தபாலில் வந்து சேர மூன்று மாதமும் ஆனது. வால் சுக்கானின் துணிப் பரப்பில் கிட் மிகையாகக் காட்டியிருந்த தொய்வைத் தேய்த்துக் குறைத்தது பத்து நிமிட வேலை. அதை எல்லோரும் செய்யலாம்.

போன மாதம் அதே பெட்டியை இரண்டாவது முறை வாங்கினேன். குறை தெரிந்த கிட் எனக்குப் புதுக் கிட்டைவிட மேல். இந்த முறை இறக்கைக்குள் படுக்கும் பித்தளை விட்டம், பித்தளைக் கால், சர்ஃபேசர், இவ்வளவுதான். புரொப்பெல்லருக்குக் கம்பி வெட்டி வைத்தாயிற்று. விட்டத்தின் எபாக்சி நேற்றிரவு போட்டது, இன்னும் கிளிப் எடுக்கவில்லை. இடது 17, வலது 16.8. அந்த 0.2ஐ இன்று மாலை அரத்தில் பார்க்க வேண்டும்.